எந்த நாளில் எடுத்தது?

35 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வரும் ஒரு பெண்ணுக்கு, 21-ஆம் நாளில் இரத்தம் எடுத்து, முட்டை வெடித்த பிறகு உயரும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் பார்க்கிறார்கள். ஒரு மி.லி.க்கு 0.8 நானோகிராம் என்று அறிக்கை வருகிறது. பயிற்சி மருத்துவர் ‘முட்டை வெடிக்கவில்லை’ என்று கோப்பில் எழுதி, அடுத்த மாதமே முட்டையை வளரவைக்கும் லெட்ரோசோல் மாத்திரையைத் தொடங்கிவிடுகிறார். அந்தப் பெண்ணுக்கு முட்டை வெடிக்க வேண்டிய நாளே ஏறக்குறைய அந்த 21-ஆம் நாள்தான். புரோஜெஸ்டிரோன் உச்சத்துக்கு வர இன்னும் ஒரு வாரம் ஆகும். 28-ஆம் நாளில் எடுத்திருந்தால் அதே உடம்பு வேறு எண்ணைக் காட்டியிருக்கும்.

ஆய்வகமும் மருந்தும் இங்கே பிழை செய்யவில்லை. நாள்தான் பிழை. குழந்தைப்பேறின்மைச் சிகிச்சையில் பயிற்சி மருத்துவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பகுதி இந்த வகை. கைப்பழக்கம் போதாமல் நடப்பவை அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும்.

மகப்பேறு மருத்துவத்தில் முதுநிலைப் பயிற்சி பெறுபவருக்கு இந்தத் துறையில் கிடைப்பது சில வாரங்கள்தான். அந்தச் சில வாரங்களில் பல இடங்களில் அவரை அறுவை அரங்கின் மூலையில் நிற்கவைத்து, ஐ.வி.எஃப்.-இல், அதாவது சோதனைக்குழாய்க் கருத்தரிப்பில், முட்டை எடுப்பதையும் கருவை உள்ளே வைப்பதையும் பார்க்கச் சொல்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அவர்களில் மிகச் சிலர்தான் பின்னாளில் ஐ.வி.எஃப். செய்வார்கள். மற்ற எல்லோரும் செய்யப்போவது மூன்று வேலைகள்: தம்பதியை முதலில் பரிசோதிப்பது, காலம் கடக்காமல் நிபுணரிடம் அனுப்புவது, சிகிச்சையின் சிக்கலோடு இரவு இரண்டு மணிக்கு வந்து நிற்பவரைப் பார்த்துக்கொள்வது. பயிற்சியை இந்த மூன்றிலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும்.

முதல் நாள் வகுப்புக்கு ஒரு வெள்ளைத்தாள் போதும். அதில் 28 நாள் கோடு ஒன்றை வரையச் சொல்லுங்கள். முட்டைப்பையை வளர்க்கும் எஃப்.எஸ்.எச்., வளரும் பை சுரக்கும் ஈஸ்ட்ரடயால், முட்டையை வெடிக்கவைக்கும் எல்.எச்., பிறகு உயரும் புரோஜெஸ்டிரோன் ஆகிய நான்கு ஹார்மோன்களையும் அதில் வரையட்டும். இதை எல்லோரும் செய்துவிடுவார்கள். பாடநூலில் பார்த்த படம்தானே. பிறகு அதே கோட்டை 35 நாளுக்கு நீட்டச் சொல்லுங்கள், 24 நாளுக்குச் சுருக்கச் சொல்லுங்கள். அங்கேதான் பேனா நிற்கும். பலர் ரப்பர் பட்டையை இழுப்பதுபோல் இரண்டு பாதியையும் சமமாக நீட்டுவார்கள். நீள்வதும் குறுகுவதும் பெரும்பாலும் முட்டை வெடிப்பதற்கு முந்தைய பாதிதான்; பிந்தைய பாதி ஏறத்தாழ 12 முதல் 14 நாள் என்றே நிற்கும். இது கைக்கு வந்துவிட்டால் ‘21-ஆம் நாள் புரோஜெஸ்டிரோன்’ என்ற மனப்பாடம் தானாக உதிர்ந்து, ‘அடுத்த மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பு’ என்பது அந்த இடத்துக்கு வரும். 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெடித்திருக்கிறது. அதற்கு மேல் அந்த எண்ணிலிருந்து எதையும் பிழிந்தெடுக்கக் கூடாது. புரோஜெஸ்டிரோன் விட்டுவிட்டுச் சுரப்பது, சில மணி நேரத்துக்குள்ளேயே மேலும் கீழும் போகும். 9 வந்தால் மட்டமான சுழற்சி, 15 வந்தால் நல்ல சுழற்சி என்று தரம் பிரிப்பது வீண்.

இப்போது அதே தாளில் பரிசோதனைகளை அதனதன் இடத்தில் ஒட்டலாம். எஃப்.எஸ்.எச். 2 முதல் 4-ஆம் நாளுக்குள், அதுவும் ஈஸ்ட்ரடயாலோடு சேர்த்து. தனியாக வந்த எஃப்.எஸ்.எச். எண் பாதி வாக்கியம்தான். எஃப்.எஸ்.எச். 7 என்று அழகாக இருக்கும். பக்கத்தில் ஈஸ்ட்ரடயால் 110 பிகோகிராம் என்றிருந்தால் அந்த அழகு பொய். முந்திக்கொண்டு வளர்ந்த ஒரு ஃபாலிக்கிளோ (முட்டை வளரும் சிறு பை) மிச்சமிருந்த ஒரு நீர்க்கட்டியோ ஈஸ்ட்ரடயாலைச் சுரந்து, எஃப்.எஸ்.எச்.-ஐ அழுத்தி வைத்திருக்கிறது. தைராய்டுக்கான டி.எஸ்.எச். எந்த நாளிலும் எடுக்கலாம். பால் சுரப்பு ஹார்மோனான புரோலாக்டின் சற்று உயர்ந்து வந்தால் உடனே மூளை ஸ்கேனுக்கு எழுதாமல், முதலில் டி.எஸ்.எச்.-ஐயும் மருந்துப் பட்டியலையும் பார்த்துவிட்டு, மார்பகப் பரிசோதனை செய்யாத ஒரு காலைப்பொழுதில் மறுபடி எடுக்க வேண்டும்.

சினைப்பையின் சிறு ஃபாலிக்கிள்கள் சுரக்கும் ஏ.எம்.எச். ஹார்மோன், எந்த நாளிலும் எடுக்கலாம் என்பதாலேயே அதிகம் தவறாகப் படிக்கப்படுகிறது. ஊக்க ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கலாம் என்பதை அது ஓரளவு சொல்லும். முட்டையின் தரத்தைச் சொல்லாது. இந்த மாதம் இயல்பாகக் கருத்தரிப்பாரா என்பதையும் சொல்லாது. 30 முதல் 44 வயதுவரை உள்ள, குழந்தைப்பேறின்மை வரலாறு இல்லாத பெண்களைப் பின்தொடர்ந்து 2017-இல் ஜாமா இதழில் வெளிவந்த ஆய்வில், ஏ.எம்.எச். குறைவாக இருந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகக் கருத்தரிக்கவில்லை. கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவருக்கு இந்த எண் தற்காலிகமாகக் குறைந்தும் இருக்கும். ஏ.எம்.எச். 0.6 என்ற அறிக்கையோடு அழுதுகொண்டு வருபவரிடம் என்ன சொல்வீர்கள் என்று பயிற்சி மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள். ‘முட்டை தீர்ந்துவிட்டது’ என்று வாயைத் திறந்தால் அன்றைய பாடத்தை மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டும்.

கருக்குழாய் எக்ஸ்ரே, அதாவது எச்.எஸ்.ஜி., இரத்தப்போக்கு நின்ற பிறகு, முட்டை வெடிப்பதற்கு முன்பு. ‘மாதவிடாய் வந்தது’ என்று சொன்னாலும் அது வழக்கமான போக்காக இருந்ததா என்று கேட்க வேண்டும். இரண்டு நாள் துளித்துளியாகப் பட்டது கர்ப்பகாலக் கசிவாகவும் இருக்கலாம். குழாய் தொடங்கும் மூலையிலேயே சாயம் நின்றால் அடைப்பு என்று எழுதும் முன் சில நிமிடம் காத்திருப்பது நல்லது. அந்த இடத்தில் தசை இறுகினாலும் படம் அப்படியேதான் தெரியும். குழாய் வீங்கியிருப்பது தெரிந்தால் தொற்றைத் தடுக்க டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. தினம் இருவேளை, ஐந்து நாள். சாயத்தைப் பற்றி ஒரு கொசுறுச் செய்தி: 2017-இல் வெளியான டச்சு ஆய்வில் எண்ணெய் சார்ந்த சாயம் செலுத்தியவர்களில் 39.7 சதவீதத்தினரும், நீர் சார்ந்த சாயம் செலுத்தியவர்களில் 29.1 சதவீதத்தினரும் ஆறு மாதத்துக்குள் கருத்தரித்துக் கர்ப்பம் தொடர்ந்தது. நோயைக் கண்டறியச் செய்த சோதனையே சிகிச்சையாகவும் ஆன அபூர்வம். எண்ணெய்ச் சாயத்தில் அயோடின் நெடுநாள் தங்கும் என்பதால் தைராய்டைக் கவனிக்க வேண்டும்.

இத்தனையும் பெண்ணைப் பற்றியே. பயிற்சியிலும் இப்படித்தான் நடக்கிறது: பெண்ணுக்குப் பதினைந்து பரிசோதனை எழுதி முடித்த பிறகுதான் ஆணின் நினைவு வருகிறது. முதல் சந்திப்பிலேயே விந்துப் பரிசோதனைக்கு எழுதாத கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும். 2 முதல் 7 நாள் இடைவெளி, முழு மாதிரியும் கிண்ணத்தில் விழுந்ததா, ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்ந்ததா என்ற மூன்றும் தெரியாத அறிக்கையைப் படிக்கவே கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ்வரம்பு: அளவு 1.4 மி.லி., ஒரு மி.லி.யில் 1.6 கோடி அணுக்கள், மொத்தம் 3.9 கோடி, மொத்த அசைவு 42 சதவீதம், முன்னேறும் அசைவு 30 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம். இவை வந்த விதத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஓராண்டுக்குள் துணைவி கருத்தரித்த ஆண்களின் எண்களை வரிசைப்படுத்தி, அடியிலிருந்து ஐந்தாவது சதவீதத்தில் நின்ற எண்கள் இவை. அதற்குக் கீழே இருப்பவர் தந்தையாக முடியாது என்றோ, மேலே இருப்பவருக்குக் கவலையில்லை என்றோ பொருள் இல்லை.

இங்கும் நாள்கணக்கு வருகிறது. ஓர் அணு உருவாக ஏறத்தாழ 74 நாள், வெளியே வந்துசேர மேலும் சில நாள். இரண்டு மாதம் முன்பு அடித்த காய்ச்சல் இன்றைய அறிக்கையில் தெரியும். இன்று மருந்தை மாற்றிவிட்டு மூன்று வாரத்தில் மறுபடி எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை. மூன்று மாதமாவது விட வேண்டும்.

ஒரு பொறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆணின் டெஸ்டோஸ்டிரோன் குறைவாக வந்தால், குழந்தைக்கு முயலும் அவருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி எழுதக் கை துடிக்கும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால் மூளை எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்தும், விதைப்பைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் வீழும், அணு உற்பத்தி பூஜ்யம்வரை இறங்கலாம். நிறுத்திய பின் மீள மாதக்கணக்கில் ஆகும். உடற்பயிற்சிக் கூடத்தில் எதையாவது ஏற்றிக்கொண்டாரா என்று எல்லா ஆண்களிடமும் கேட்கும் பழக்கமும் வர வேண்டும். அணுவே இல்லை, விந்தின் அளவும் குறைவு என்றால் விந்துக்குழாய் கைக்குத் தட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறவியிலேயே அது இல்லாதவர்களுக்கு சி.எஃப்.டி.ஆர். மரபணுச் சோதனை தேவை. இதைத் தொட்டுப் பார்க்க மகப்பேறு மருத்துவப் பயிற்சியில் வாய்ப்பே அமைவதில்லை. ஆண் நலப் பிரிவில் இரண்டு அரை நாள்கள் உட்காரவைத்தால் போதும்.

ஸ்கேன் பயிற்சிக்குச் சுருக்குவழி கிடையாது. சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட்டு, சினைப்பையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை ஒரே திசையில், மெதுவாக. 2 முதல் 10 மி.மீ.வரை உள்ள ஃபாலிக்கிள்களை எண்ண வேண்டும். கருவியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஒன்றையே இரண்டு முறை எண்ணிவிடுவோம். இரத்தக்குழாயைக் குறுக்காக வெட்டினால் அதுவும் கறுப்பு வட்டம்தான். கருவியைத் திருப்பினால் குழாய் நீளும், ஃபாலிக்கிள் வட்டமாகவே இருக்கும். வளரும் ஃபாலிக்கிளை ஒரே பக்கம் அளந்து ‘24 மி.மீ.’ என்று எழுதுவது அடுத்த பிழை. 24-க்கு 12 என்றிருந்தால் அது 18-தான். கருப்பை உட்சவ்வை நீள்வாட்டில், மிகத் தடித்த இடத்தில், இரண்டு அடுக்கையும் சேர்த்து அளக்க வேண்டும். நடுவில் நீர் இருந்தால் அதைக் கழித்துவிட வேண்டும். பயிற்சி மருத்துவர் முதலில் அளந்து எழுதி மூடிவைக்கட்டும், மூத்தவர் அதைப் பார்க்காமல் அளக்கட்டும், பிறகு தாளைத் திருப்பிப் பாருங்கள். பக்கத்தில் நின்று ‘சரி, சரி’ என்று தலையாட்டும் மேற்பார்வையைவிட இது பல மடங்கு கற்றுத்தரும். 3 மி.மீ. வித்தியாசம், முட்டையை முற்றவைத்து வெடிக்கத் தூண்டும் டிரிகர் ஊசியை ஒன்றிரண்டு நாள் தள்ளிவிடும். ஃபாலிக்கிள் ஒரு நாளில் வளர்வதே 2 மி.மீ.க்குள்தான்.

மாத்திரைச் சிகிச்சை எளிது, அதனால்தான் அலட்சியம் வருகிறது. பி.சி.ஓ.எஸ்., அதாவது சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி, உள்ளவர்களுக்கு லெட்ரோசோல் முதல் தேர்வானது 2014-இல் வெளிவந்த ஆய்வுக்குப் பிறகு: 750 பெண்களில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதத்தினருக்கும் பழைய மாத்திரையான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. 3-ஆம் நாளிலிருந்து ஐந்து நாள், 2.5 மி.கி.யில் தொடங்கி, பலன் இல்லாவிட்டால் 7.5 வரை. தொடங்கும் முன் கர்ப்பச் சோதனை. பயிற்சியில் விடுபடுவது மருந்தின் அளவல்ல, சுழற்சியைக் கைவிடும் துணிவு. மூன்று, நான்கு ஃபாலிக்கிள்கள் ஒன்றாக முற்றி நிற்கும்போது, மாதக்கணக்கில் காத்திருந்த தம்பதியிடம் ‘இந்த மாதம் வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும். மூன்று குழந்தைகளைச் சுமக்கும் கர்ப்பம் எப்படி முடியும் என்பதைப் பிரசவ அறையிலும் குறைமாதக் குழந்தைகள் பிரிவிலும் பார்த்தவர்களுக்கே அந்தச் சொல் எளிதாக வாயில் வரும். இந்தப் பயிற்சியை முதல் ஆண்டிலேயே வைக்காமல் சற்றுத் தள்ளி வைப்பதற்கு இதுவே நல்ல காரணம்.

எஃப்.எஸ்.எச். ஊசியில் நேர்வது இதற்கு நேர்மாறான பதற்றம். பி.சி.ஓ.எஸ். பெண்ணுக்கு 37.5 அல்லது 75 அலகில் தொடங்கி, நான்காம் நாளே ‘ஒன்றும் வளரவில்லை’ என்று அளவை ஏற்றிவிடுவார்கள். ஊசி மருந்து இரத்தத்தில் நிலைப்படவே நான்கைந்து நாள் ஆகும். ஏற்றிய அளவு வேலை செய்யும்போது பழைய அளவும் சேர்ந்து எழுந்து, ஒன்றுமில்லாத இடத்தில் எட்டு ஃபாலிக்கிள்கள் வந்து நிற்கும்.

ஐ.வி.எஃப்.-இல் நாள்கணக்கு மணிக்கணக்காகிறது. டிரிகர் ஊசி போட்ட 34 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டையை எடுக்க வேண்டும். திங்கள் இரவு 10 மணி ஊசி என்றால் புதன் காலை 9 மணிக்கு எடுப்பது 35 மணி நேரம். பிந்தினால் முட்டைகள் வெடித்து வயிற்றுக்குள் போய்விடும். முந்தினால் முற்றாதவையே கிடைக்கும். நோயாளிக்கு எழுதிக்கொடுக்கும் சீட்டில் ‘திங்கள் இரவு 12 மணி’ என்று ஒருபோதும் எழுதக் கூடாது. அது திங்கள் தொடங்கும் 12-ஆ, முடியும் 12-ஆ என்பது எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். தேதி, கிழமை, இரவா பகலா, எந்த மருந்து, எத்தனை அலகு. ஊசி போட்டதும் நேரத்தைச் சொல்லித் தகவல் தர வேண்டிய எண். ஒரு பக்க சினைப்பையில் பல ஃபாலிக்கிள்களை உறிஞ்சியும் முட்டை வரவில்லை என்றால், ஊசியை வெளியே எடுத்துவிட்டு, டிரிகராகப் போடும் கர்ப்ப ஹார்மோனான எச்.சி.ஜி.க்குச் சோதனை செய்ய வேண்டும். எச்.சி.ஜி. ஊசி போட்டதாகச் சொன்னவரின் உடம்பில் அது இல்லை என்றால், மறுபடி ஊசி போட்டு அடுத்த பக்கத்தைக் காப்பாற்ற இன்னும் வழி உண்டு.

இரவில் வந்து நிற்கும் சிக்கல்களில் பெரியது சினைப்பை மிகைத்தூண்டல். வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்து வருவார். பார்த்தவுடன் ‘நீர் தேங்கியிருக்கிறது, சிறுநீர் மாத்திரை கொடு’ என்று தோன்றும். தேங்கியிருப்பது வயிற்றில், இரத்தக்குழாயோ வறண்டு கிடக்கிறது. ஹெமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 45 சதவீதத்தைத் தாண்டினால் நோய் கடுமையானது, 55 தாண்டினால் உயிருக்கு ஆபத்து. வறட்சியைச் சரிசெய்யாமல் சிறுநீர் மருந்து கொடுத்தால் இரத்தம் இன்னும் கெட்டியாகி உறையும். கை, கழுத்துச் சிரைகளிலும் உறையும் என்பதால் கழுத்துவலி என்று சொன்னால் அசட்டையாக விடக் கூடாது. தினமும் எடை, வயிற்றுச் சுற்றளவு, உட்கொண்ட நீர், வெளியேறிய நீர். உள்ளே சேர்த்தவர்களுக்கு இரத்த உறைவுத் தடுப்பு ஊசி. வலிக்குப் பாராசிட்டமால், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும் வலி மாத்திரைகள் வேண்டாம். வீங்கிய சினைப்பையைக் கையால் அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். ஒரே பக்கம் திடீரென்று பொறுக்க முடியாத வலி என்றால் சினைப்பை முறுகியிருக்கலாம், அது வேறு கணக்கு.

அடுத்தது தொடக்கக் கர்ப்பம். டிரிகராகப் போட்ட எச்.சி.ஜி. உடம்பில் பத்து நாளுக்கு மேலும் தங்கலாம். அதற்குள் வீட்டில் சோதித்துப் பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு வருபவர்கள் உண்டு. கர்ப்ப வயதைக் கடைசி மாதவிடாயிலிருந்து கணக்கிடுவது உறையவைத்துச் சேமித்த கருவை வைத்தவர்களுக்குப் பொருந்தாமல் போகும். ஐந்து நாள் கருவை வைத்த நாளை 2 வாரம் 5 நாள் என்று கொண்டு எண்ண வேண்டும். ஒரே ஒரு எச்.சி.ஜி. எண்ணை வைத்து, கருப்பைக்கு வெளியே தங்கிய கர்ப்பம் என்று முடிவுகட்டி, அதைக் கரைக்கும் மெத்தோட்ரெக்சேட் போடுவது பயிற்சிக் காலத்தில் செய்யக்கூடிய மிகக் கொடிய தவறுகளில் ஒன்று, ஏனென்றால் அது விரும்பிக் காத்திருந்த உயிருள்ள கர்ப்பமாக இருக்கலாம். 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். முதல் எண் 1500-க்குக் கீழ் என்றால் குறைந்தது 49 சதவீதமும், 1500 முதல் 3000 என்றால் 40 சதவீதமும், அதற்கு மேல் என்றால் 33 சதவீதமும் ஏறியிருக்க வேண்டும். ஸ்கேனில் கருவின் நீளம் 7 மி.மீ. ஆகியும் துடிப்பு இல்லாதபோதுதான், அல்லது பையின் சராசரி விட்டம் 25 மி.மீ. ஆகியும் கரு தெரியாதபோதுதான் கர்ப்பம் தங்கவில்லை என்று முடிவாகச் சொல்லலாம். 6 மி.மீ. என்றால் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். ஐ.வி.எஃப். செய்தவருக்குக் கருப்பைக்குள் பை தெரிந்துவிட்டது என்று கருவியை எடுத்துவிடாமல் இரண்டு பக்கக் குழாய்களையும் பார்க்க வேண்டும். உள்ளே ஒன்று, குழாயில் ஒன்று என்று சேர்ந்தே இருக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதல்.

கைவேலைக்கு ஐ.யு.ஐ., அதாவது விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது, நல்ல பள்ளிக்கூடம். மென்மையான கதீட்டர், கருப்பை வாயைக் கொக்கியால் பிடிக்காமல் நுழைவது, மேற்கூரையைத் தொடாமல் நிறுத்துவது, மெதுவாகத் தள்ளுவது: கருவை வைக்கும்போது தேவைப்படும் அத்தனை அசைவுகளும் இதில் இருக்கின்றன. கூரையைத் தொட்டால் கருப்பை சுருங்கும், இரத்தம் கசியும். கருவை வைக்கையில் கதீட்டர் முனை கூரையிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விலகி நிற்க வேண்டும்; வெளியே எடுத்த கதீட்டரில் கரு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஆய்வகம் பார்த்துச் சொல்லும்வரை யாரும் அசையக் கூடாது. கருப்பைக்குள் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பில் 30 பாகை சாய்ந்த கண்ணாடியோடு நுழைபவர்கள் வழியைத் திரையின் நடுவில் வைத்துக்கொண்டு தள்ளுவதால்தான் சுவரில் முட்டுகிறார்கள். கண்ணாடி மேல்நோக்கியிருந்தால் வழி ஆறு மணித் திசையில் தெரிய வேண்டும். உள்ளே விட்ட திரவத்துக்கும் வெளியே வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை ஒருவர் உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்: சலைன் என்றால் 2500 மி.லி., கிளைசின் போன்றவை என்றால் 1000 மி.லி. வந்ததும் நிறுத்த வேண்டும்.

பேச்சையும் கைவேலைபோலவே பழக்க வேண்டும். முந்தைய கர்ப்பம், கருக்கலைப்பு, உறவில் உள்ள சிரமம் ஆகியவற்றை இருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். உடன் வந்தவர் முன்னால் கேட்டால் கிடைப்பது பாதி வரலாறுதான். ‘குறை யாரிடம்?’ என்ற கேள்வி வந்தால், அதே சொல்லில் பதில் சொல்லக் கூடாது.

பலன் இல்லை என்ற முடிவைத் தொலைபேசியில் சொல்லும்போது, முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். நலம் விசாரித்து, ஆய்வகம் தாமதமானதை விளக்கிவிட்டுச் சொன்னால், அந்த அரை நிமிடமும் அவர்களுக்குச் சித்திரவதை. சொன்ன பிறகு பேசாமல் இருக்க வேண்டும். அடுத்த சுழற்சித் திட்டத்தை அன்றைக்கே விரிக்க வேண்டாம். ஆனால் மூன்றை மட்டும் சொல்லாமல் வைத்துவிடக் கூடாது: புரோஜெஸ்டிரோனை இன்றோடு நிறுத்த வேண்டும், நிறுத்திய சில நாளில் இரத்தப்போக்கு வரும், இந்தத் தேதிக்குள் வராவிட்டால் கூப்பிட வேண்டும். தேதியைச் சொல்லி, அவர்கள் எழுதிக்கொள்ளும்வரை இணைப்பில் இருக்க வேண்டும்.